சிவப்பில் ஒரு நிமிடம்

செப்டம்பர் 2, செவ்வாய்

மகிழினி தூங்கிவிட்டாள். கஞ்சிக் கிண்ணம் கழுவியாயிற்று. காலைக்கு மாவு இருக்கிறது, சட்னிக்குத்தான் தேங்காய் இல்லை. என் வீட்டுக்காரர் தாமு மாமா சரக்கு ரயில் எடுத்துக்கொண்டு ஜோலார்பேட்டை போயிருக்கிறார், நாளை மதியம்தான் வருவார்.

இது இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமைகளை அடித்துவிட்டு எழுதுகிறேன். திடீரென்று டைரி எழுத ஆசை வந்துவிடவில்லை. ஜூன் மாதம் மாமாவோடு ரயில்வே ஆபீஸில் மனநல ஆலோசனை தரும் கவுன்சிலர் மேடத்தைப் பார்க்கப் போனபோது, “வீட்ல இருக்கறவங்க கொஞ்சம் கவனிச்சுக்கங்க” என்றார்கள். நான் எம்.எஸ்சி. வேதியியல். லேப் ரெக்கார்டு எழுதிய கை. கவனித்தால் எழுதிவைக்க வேண்டாமா?

நடந்தது இதுதான். ஜூனில் ஒரு விடியற்காலை, காவிரிப் பாலம் தாண்டி ஒரு வளைவில், தண்டவாளத்தின் நடுவில் ஒருவர் நின்றார். மாமா ஹாரனை விடாமல் அடித்தார், பிரேக்கை முழுசாக இழுத்தார். நிறைசுமை வண்டி அவ்வளவு சீக்கிரம் நிற்குமா? வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தார். உப்புமா போதும் என்றார். மீதியை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போனில் படித்துப் பார்த்தேன். பி.டி.எஸ்.டி. என்று பெயர். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருவது. நடந்தது மறுபடி மறுபடி கண்முன் வரும். அந்த இடம், அந்தப் பேச்சு வந்தால் மனுஷர் விலகி ஓடுவார். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப்போடும். பிரியமானவர்களிடமே ஒட்டமுடியாது. நான்கையும் மாமாவிடம் கவனிக்கப்போகிறேன்.

முதல் குறிப்பு: அவர் முன்போல் கலகலப்பாக இல்லை. ஜனவரியில் நான் கோபியில் அம்மா வீட்டில் இருந்தபோது பார்க்க வந்தவர், அறை வாசலில் நின்று, “உள்ள வரட்டுமா அம்மிணி?” என்று விருந்தாளி மாதிரி கேட்டார். எனக்கு எப்படியோ இருந்தது.

ஆனால் விபத்து ஜூனில்தானே? நாளைக்கு யோசிக்கிறேன்.

மகிழினிக்கு வரும் இருபதாம் தேதி ஒன்பது மாதம் முடிகிறது. தட்டம்மை ஊசி போடவேண்டும். அவள் பிறந்த அதே ஆஸ்பத்திரிதான், புதன்கிழமைகளில் போடுவார்கள். முந்தைய ஊசிகளுக்கெல்லாம் கோபியில் அம்மாவே அவளைத் தூக்கிக்கொண்டு போய்வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காய்ச்சலோ தலைவலியோ வந்துவிட்டது. இந்தத் தடவை மாமா லீவு போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரி வாசனை அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்றுதான் கவலை.

நடுவில் எழுந்து போய் மகிழினியின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லா அம்மாக்களும் செய்வதுதான்.


செப்டம்பர் 4, வியாழன்

குறிப்பு: சத்தம்.

தினமும் காலையில் மாரக்கா கீரை வண்டி தள்ளிக்கொண்டு வருவாள். அந்த வண்டியில் ஒரு சக்கரம் கீச்சு கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் மாமாவுக்கு ஆகாது என்பதால், அது தெருமுனையில் வரும்போதே கதவைச் சாத்திவிட்டு மிக்ஸியைப் போட்டுவிடுவேன்.

இன்றைக்கு அவர் டூட்டியில் இருந்தார். பழக்கதோஷம், நான் போட்டுவிட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை. காலி ஜார் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டுப் பார்த்தால் முதுகெல்லாம் நனைந்திருக்கிறது. ஈரோட்டு வெயில் செப்டம்பரிலும் விடமாட்டேன் என்கிறது.

கீரை வாங்கி மாதக்கணக்கு ஆகிறது.


செப்டம்பர் 7, ஞாயிறு

மாமா வீட்டில். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். இவர் குளிப்பாட்டினால் குழந்தை நனைவதை விட இவர்தான் அதிகம் நனைகிறார்.

சாப்பிடும்போது கேட்டார். “ஏம்மிணி, நம்ம ஊட்ல பீட்ரூட்டே செய்யறதில்லையே, என்ன கோவம் அதுமேல?”

“உங்களுக்குப் பிடிக்காதுல்லோ மாமா.”

“எனக்கா? கல்யாணம் ஆன புதுசுல ஒரு கிண்ணம் பொரியல தனியாத் தின்னவன் நானு.”

“அது அப்போ. இப்ப தட்டுல செவப்பாப் பார்த்தா உங்களுக்கு ஒரு மாதிரி ஆயிடும்.”

ரசத்தை ஊற்றிக்கொண்டார். குறிப்பு: பேச்சைத் தவிர்க்கிறார்.

மதியம் அம்மா போன். நான் மாமாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பேச்சை எங்கே கொண்டுபோனார்கள் பாருங்கள்:

“நீ ஒழுங்காச் சாப்படறயா கண்ணு? ராத்திரி தூங்கறயா?”

“நான் நல்லாத்தான்மா இருக்கேன். மாமாதான்...”

“உனக்கு ஆனதெல்லாம் மனசுல வெச்சுக்காத சாமி. நானும் ரெண்டு பெத்தேன். பத்தாம் நாளே எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன். நெனைக்க நெனைக்கத்தான் பெருசாவும். மறந்தரோணும்.”

“நான் எதையும் நெனைக்கறதே இல்லம்மா” என்றேன். உண்மைதான். வருகிறது என்று தெரிந்தால் உடனே எழுந்து எதையாவது கழுவ ஆரம்பித்துவிடுவேன். இந்தத் தெருவில் என்னுடையது அளவுக்குப் பளபளப்பான சிங்க் யாரிடமும் இல்லை.


செப்டம்பர் 9, செவ்வாய்

மகிழினி இரண்டு தடவை இருமினாள். தூங்கவில்லை. நான்.


செப்டம்பர் 13, சனி

எழுதவே சந்தோஷமாக இருக்கிறது.

ரயில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவரும் அசிஸ்டெண்டும் கையை உயர்த்தி வாய்விட்டுச் சொல்லவேண்டும். இவர் “பச்சை” என்றால் அவரும் பார்த்துவிட்டு “பச்சை” என்பார். ஒருவர் கண் ஏமாந்தாலும் இன்னொருவர் கண் ஏமாறக்கூடாது என்பதற்காக. கல்யாணமான புதிதில் பைக்கில் போகும்போது கூட மாமா சிக்னலைப் பார்த்ததும் கத்துவார். பின்னால் உட்கார்ந்து நானும் கத்தவேண்டும். பன்னீர்செல்வம் பார்க் சிக்னலில் போலீஸ்காரர் ஒருமாதிரி பார்ப்பார்.

இன்றைக்கு மகிழினியை அசிஸ்டெண்டாக வேலைக்கு எடுத்துவிட்டார். இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றுகிறார். சமையலறை வாசலில் நின்று, “கிச்சன் சிக்னல் பச்சை!” அவள் கையைத் தூக்குகிறாள்! நிஜமாகவே தூக்குகிறாள். நான் மாப் போட்டு ஈரமாக இருந்தால், “கிச்சன் சிவப்பு! வண்டி நிக்குது, மேடம் தொடச்சுட்டிருக்காங்க.”

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஷகிலாக்கா சர்க்கரை வாங்க வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் ரயில்வே கார்டு.

“தாமு தம்பி, என் வீட்டு ஆளு கடைசிப் பெட்டில உக்காந்து கொடி காட்டறதோட சரி. வீட்டுலயும் கடைசிலதான் நிப்பாரு. உங்க வண்டி பரவால்ல.” அப்புறம் என்னிடம், “ஏ புள்ள, எங்கக்கா பேரனுக்கும் புதன்கிழமை ஊசி. ஒரே ஆட்டோல போயிரலாமா?”

“பாக்கலாங்க்கா. மாமாவுக்கு லீவு கிடைக்கணும்.”

“எனக்கு லீவு கிடைச்சாச்சே அம்மிணி” என்றார் மாமா.

நான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.


செப்டம்பர் 18, வியாழன்

முக்கியமான குறிப்பு. சத்தம் பற்றி நான் நினைத்தது சரிதான்!

காலையில் மாரக்காவின் வண்டி வருகிறது, சத்தத்தைக் காணோம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார். வண்டி ஒருக்களித்து நிற்கிறது. சக்கரத்தில் கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார்.

“எதுக்குங் தம்பி, எங்கூட்டுக்காரரே செய்யாத வேலையெல்லாம்?” என்கிறாள் மாரக்கா.

“அந்தச் சத்தம் எனக்கு ஆகலீங்க்கா. தூக்கம் கெட்டுப்போகுது. வாரம் ஒருக்கா நானே தடவி உட்டர்றேன்.”

“சத்தம் கேட்டுத்தான சனம் வெளிய வரும்? இனி நான் கத்தோணுமாட்ட இருக்குது.”

“கத்துங்க, பரவால்ல. உங்க குரல் நல்லாத்தான இருக்குது.”

பாவம் மாமா. தானாகவே ஒத்துக்கொண்டுவிட்டார், சத்தம் ஆகவில்லை என்று. அவர் சொல்லி நான் கேட்ட முதல் தடவை இது. பருப்புக்கீரை ஒரு கட்டு வாங்கினேன். வாசல்வரை போய் நானே வாங்கினேன்.


செப்டம்பர் 24, புதன்

ஊசி போடவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் கிளம்பினோம். மகிழினிக்கு மஞ்சள் கவுன், பையில் துணி, வெந்நீர், கிலுகிலுப்பை. ஷகிலாக்கா முன்னாடியே போய்விட்டார்கள். ஆட்டோவில் மாமா விளையாட்டாக ஒவ்வொரு சிக்னலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டினோம். வலதுபக்கம் திரும்பியதும் கேட் தெரிந்தது. பினாயில் வாசனை. அவ்வளவு தூரத்திலேயே வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. கேட்டுக்கு உள்ளே யாரோ எதையோ உருட்டிக்கொண்டு போனார்கள்.

மாமாவின் கை சில்லிட்டுவிட்டது. நடுங்கியது. இந்த நிலைமையில் அவரை உள்ளே கூட்டிப்போவதா? “அண்ணா, வண்டியத் திருப்புங்க” என்றேன்.

“அம்மிணி, நீ ஆட்டோலயே உக்காந்திரு. நான் பாப்பாவத் தூக்கிட்டுப் போய்ப் போட்டுட்டு வந்தர்றேன். பத்து நிமிசம்.”

“வேண்டாம்!”

நான் கத்தியதில் மகிழினி பயந்து உதட்டைப் பிதுக்கினாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோன குழந்தையைத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. கொடுக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கே தெரிகிறது, பைத்தியக்காரத்தனம் என்று. இருந்தும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“திருப்பிக்கங்க அண்ணா” என்றார் மாமா. வழியெல்லாம் சிக்னல் சொல்லவில்லை.

குறிப்பு: ஆஸ்பத்திரியைப் பார்த்ததும் அவருடைய கை...

அவருடைய கையா என்னுடைய கையா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. இரண்டையும் கோத்துப் பிடித்திருந்தோம்.


செப்டம்பர் 25, வியாழன்

துணி துவைத்தேன். துவைத்த துணியையும் துவைத்தேன்.


செப்டம்பர் 27, சனி

மொட்டைமாடியில் துணி காயப்போட்டோம். மகிழினி துணிக்கூடைக்குள் உட்கார்ந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“மாமா, உங்களுக்கு பி.டி.எஸ்.டி. இருக்குது. மறைக்காதீங்க. நான் கவனிச்சுட்டே இருக்கேன்.”

“சரி, சொல்லு. என்னென்ன?”

சொன்னேன். சத்தம். சிவப்பு. ஆஸ்பத்திரி. ராத்திரி தூக்கம் வராதது. யாரையும் கிட்டே விடாதது. அவர் ஒவ்வொரு துணியாக உதறிப் போட்டுக்கொண்டே கேட்டார். முடித்ததும் ஒரு கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அம்மிணி, நான் படுத்தா பாப்பா அழுதாக்கூட எந்திரிக்கறதில்லைன்னு நீதான சண்ட போடுவ? எனக்குத் தூக்கம் வரலைன்னு எப்பப் பார்த்த?”

நான் ஒரு துண்டை மறுபடி உதறினேன்.

“கீரை வண்டிச் சத்தம் என்னை என்ன பண்ணும்? நாளெல்லாம் என்ஜின் சத்தத்துல கெடக்கறவன் நானு.”

“அப்பறம் ஏன் கிரீஸ் தடவுனீங்க?”

“நீ காலி மிக்ஸிய ஓட்டறத எத்தன நாளைக்குத்தான் கேக்கறது? மோட்டாரு பொகைஞ்சு போகாது?”

சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்ததுதான் தெரியும், அழுதுகொண்டிருந்தேன். அவர் கிட்டே வந்தார். பாதியில் நின்று, “வரட்டுமா?” என்று கேட்டார். ஜனவரியில் கேட்ட அதே மாதிரி. அப்போதுதான் உறைத்தது. அவர் விலகி நின்றதில்லை. நான் யாராவது தொட்டாலே துள்ளி விழுந்துகொண்டிருந்தேன். அதனால் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார், இத்தனை மாதமும்.

“வாங்க” என்றேன்.

அப்புறம் அவரே பேசினார். அன்றைக்குத் தண்டவாளத்தில் நின்றவர் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தாராம். இப்போதும் கடைத்தெருவில் கட்டம்போட்ட சட்டையைப் பார்த்தால் கை தன்னால் பிரேக்கைத் தேடி மடங்குகிறதாம். “எனக்கும் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்குது. பொய் சொல்லல. முதல்ல அந்த மேடத்துட்ட வாயே தெறக்கல. அப்பறம் ஒருநாள் சட்டையப் பத்திச் சொன்னேன். சொல்லிட்டு வெளிய வந்து ரெண்டு டீ குடிச்சேன், அவ்வளவு பசி. இப்பெல்லாம் போனா பாதி நேரம் உன்னப் பத்தித்தான் பேசறேன். ‘அவங்களக் கூட்டிட்டு வாங்க’ன்னு சொல்லிட்டே இருக்காங்க. உங்கிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் சுத்திச் சுத்தி வந்தேன்.”

“எனக்கென்ன மாமா? ரயில்ல அடிபட்டத நானா பார்த்தேன்? எல்லாரும்தான் பெத்துக்கறாங்க. அம்மா மாட்டுக்குத் தண்ணி காட்டுனாங்களாம்.”

“அத்தை காட்டட்டும். பாப்பா பொறந்த அன்னைக்கு எனக்குக் கையெழுத்துப் போடப் பேனா பிடிக்க வரல. நான் வெளிய நின்னவன். நீ உள்ள கெடந்தவ.”

நான் மகிழினி எறிந்த கிளிப்புகளைப் பொறுக்கினேன். அப்புறம் சொன்னேன்: “அந்த கேட்டப் பார்த்தா எனக்குச் சிவப்பு விழுந்துருது மாமா. தாண்ட முடியல. என்ன அம்மா நானு? என் புள்ளைக்கு ஒரு ஊசி போடத் துப்பில்ல.”

“சிவப்பு விழுந்தா நிக்கறது துப்பில்லாததா? அதுதான் ரூலே.” மகிழினியைத் தூக்கிக்கொண்டு, கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், பாடம் எடுக்கிற மாதிரி இல்லை, ஆபீஸ் கதை சொல்கிற மாதிரி. “நான் சென்னைப் பக்கம் ஓட்டறப்ப, வரிசையா ஆட்டோமேட்டிக் சிக்னலு. அதுல சிவப்பு விழுந்தா நின்னரோணும். நின்னு ஒரு நிமிசம் காத்திருக்கோணும். ராத்திரின்னா ரெண்டு. அப்பவும் சிவப்பாவே இருந்தா, ஹாரன் அடிச்சுட்டு மெதுவா எடுக்கலாம். எதுத்தாப்ல என்ன இருந்தாலும் நிறுத்தற வேகத்துல. அடுத்த சிக்னல் வரைக்கும் அப்படியே.”

“சிவப்பாவே இருக்கறப்பவா?”

“சிவப்பாவே இருக்கறப்பத்தான். பச்சை விழட்டும்னு பார்த்தா, பின்னால வர்ற வண்டியெல்லாம் நின்னு போயிரும்.”

“எதுத்தாப்ல ஏதாவது இருந்துச்சுன்னா?”

“நின்னுக்கலாம். மறுபடியும் ஒரு நிமிசம்.”


அக்டோபர் 1, புதன்

ஆயுதபூஜை. ஊசி இல்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அந்த நிம்மதியைப் பார்த்து வெட்கமாகவும் இருந்தது. ஷெட்டில் என்ஜின்களுக்கெல்லாம் சந்தனம் வைத்து வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். மாமா பொரி கொண்டுவந்தார். மகிழினி ஒரு பொரியை எடுத்து என் வாயில் வைத்தாள். அவள் எனக்கு ஊட்டிய முதல் வாய்.


அக்டோபர் 4, சனி

பின்வரிசைக் குவார்ட்டர்ஸில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. ஷகிலாக்கா வந்து சொன்னார்கள். சத்தம்போடாமல், ஆனால் நேராக: “புள்ள, நான் எதுவும் கேக்கல. ஆனா இந்தப் புதன் தள்ளிப்போடாத. உனக்கு முடியலைன்னா சொல்லு, நான் தூக்கிட்டுப் போறேன். பாப்பாவத் திருப்பிக் கொண்டாந்து தர்ற வரைக்கும் என் சேலைய உங்கிட்ட அடமானமா வெச்சுட்டுப் போறேன், புதுச் சேலை.”

“நானே போறேங்க்கா” என்றேன். சொன்னபின் சிங்க்கைக் கழுவினேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

பீட்ரூட் வாங்கினேன். இன்னும் வெட்டவில்லை. கூடையில் இருக்கிறது.


அக்டோபர் 8, புதன்

போனோம்.

கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன். வாசனை வந்தது. கால் நகரவில்லை.

“சொல்லு” என்றார் மாமா.

“சிவப்பு.”

“சிவப்பு” என்று அவரும் கையை உயர்த்தினார். மகிழினியும் உயர்த்தினாள். மாமா வாட்சைப் பார்த்தார். கேட் வாட்ச்மேன் எங்களைப் பார்த்தார். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று வேதியியல் லேபில்கூட எனக்குத் தெரிந்ததில்லை.

“ஆச்சு. எடுக்கலாமா?”

“ஹாரன்?”

“பாம்” என்றார், மெதுவாக, என் காதருகே. வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார்.

நடந்தேன். மரத்தடி வரை. அங்கே மறுபடி சிவப்பு, மறுபடி நின்றோம். படிக்கட்டில் ஒருமுறை. அப்புறம் அந்த நீள வராண்டா. பாதி தூரம் போனபோது எதிரில் அது வந்தது. தள்ளுவண்டி. அதே சக்கரம், அதே சத்தம். எனக்கு மேலே ட்யூப்லைட்டுகள் ஓட ஆரம்பித்தன. நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் படுத்திருந்தேன். மாமாவின் கையைப் பிடித்தேன். நடுங்கியது என் கைதான். இன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவருடையது சூடாக, அசையாமல் இருந்தது.

“என்ன தெரியுது, சொல்லு” என்றார்.

“தள்ளுவண்டி.”

“அதுல?”

பார்த்தேன். கால் கட்டோடு ஒரு ஆள் படுத்துக்கொண்டு போனில் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். “டேய், சக்கரை இல்லாம டீன்னு சொன்னனா இல்லியா? இது பாயசம்டா!” ஆயாம்மா தள்ளிக்கொண்டே, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க சார், குழந்தைங்க வர்ற இடம்” என்றாள். சக்கரம் கீச்சிட்டுக்கொண்டே எங்களைத் தாண்டிப் போயிற்று.

“சக்கரத்துக்குக் கிரீஸ் வேணும்” என்றார் மாமா.

எனக்கு மூச்சு வந்தது.

ஊசி அறையில் நர்ஸ் கேட்டார், “அம்மா பிடிச்சுக்கறீங்களா, அப்பா பிடிச்சுக்கறாரா?”

“நான்தான்.”

மடியில் வைத்து இறுக்கிக்கொண்டேன். கையில் குத்திய கணம் மகிழினி ஒரு நொடி ஒன்றும் செய்யவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் இல்லை. அந்த ஒரு நொடி எனக்கு முழுக்கத் தெரிந்த நொடி. அப்புறம் அழுதாள். அந்தக் கட்டிடம் முழுக்கக் கேட்கிற மாதிரி, முகம் சிவக்க, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நர்ஸ், “ஒரு ஊசிக்கு ரெண்டு பேரு அழறீங்க” என்று சிரித்தார். நான் எதற்கு அழுதேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இதுவரை எழுதாததை எழுதிவிடுகிறேன்.

டிசம்பர் 20. மகிழினி பிறந்தாள். அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. என்னைத் தள்ளுவண்டியில் ஓட்டிக்கொண்டு போனார்கள். சக்கரம் கத்தியது. யாரோ, “குழந்தைய வெளிய குடுத்துருங்க” என்றார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். அழுகை கேட்கவில்லை. குழந்தை இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தது நான் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஓடி ஓடித்தான் என்னைக் காப்பாற்றினார்கள், எல்லாம் தெரியும். கண் விழித்தபோது பக்கத்தில் அவளைப் படுக்கவைத்திருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் எனக்குள் ஒருத்தி இன்னும் அந்த வண்டியிலேயே படுத்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்றைக்குத்தான் அவளுக்குக் கேட்டது.

திங்கட்கிழமை கவுன்சிலர் மேடத்தைப் பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை நாற்காலியில் நான், துணைக்கு மாமா. மாரக்காவிடமும் சொல்லவேண்டும், கிரீஸ் எனக்காகத்தான் என்று. பாவம், மாமாவைத் தூக்கம் வராத ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

பீட்ரூட் பொரியல் செய்தேன். வெட்டியது மாமா. நான் சாப்பிடவில்லை. மகிழினி முகமெல்லாம் பூசிக்கொண்டாள். அதைத் துடைத்துவிட்டேன், கையில் பட்டது, பட்டுவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

ஊசி போட்டதால் காய்ச்சல் வரலாம் என்றார்கள். இப்போது உள்ளே இரண்டு பேரும் தூங்குகிறார்கள். எழுந்துபோய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கவேண்டும்போல் இருக்கிறது. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தும் விட்டேன்.

சிவப்பு.

உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி என்றால் இரண்டு நிமிடம். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று ஆயிற்று. உள்ளேயிருந்து குறட்டைச் சத்தம் வருகிறது. ஒன்று பெரியது, அது யாருடையது என்று தெரியும். நடுநடுவே பூனைக்குட்டி மாதிரி இன்னொன்று கேட்கிறது. இத்தனை நாள் இதை உட்கார்ந்து கேட்டதே இல்லை.

இரண்டும் ஆயிற்று. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். மெதுவாக.